ஜப்பானில் சின்ன பீர் ஆலை நடத்துவது: காசிமேட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். பையை இறக்கி வைத்த மறுநாளே கேள்விகள் தொடங்கிவிடும். டீக்கடையில் கேட்பார்கள், கேரம் கிளப்பில் கேட்பார்கள், மீன் வாங்கப் போன இடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டே கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது கதை கேட்கும் ஆசை. மீதிப் பேர் நிஜமாகவே கிளம்பத் தயாராக, கையில் சேமிப்போடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ரோட்டில் நின்று நான் சொன்ன அரைகுறைப் பதிலை நம்பி யாரும் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துவிடக் கூடாது.

நீங்கள் அங்கே சரியாக என்னதான் செய்கிறீர்கள்?

ஷிசுவோகா மாகாணத்தில், காசிமேட்டைப் போலவே ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில் சிறிய பீர் ஆலை வைத்திருக்கிறேன். ஒரு தடவை காய்ச்சினால் 300 லிட்டர். நான், என் மனைவி, ஓர் ஊழியர் என்று மூன்று பேர். முன்பக்கம் பன்னிரண்டு நாற்காலி போட்ட கடை, பின்பக்கம் ஆலை. 2007இல் குளிர்பதன இயந்திரங்கள் செய்யும் கம்பெனிக்கு இன்ஜினியராகப் போனேன். ஆலைக்கு லைசென்ஸ் கிடைத்தது 2019இல். நடுவில் இருந்த பன்னிரண்டு வருடத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. ஆனால் கீழே இருக்கும் பதில்களில் பாதிக்கு மேல் அந்தப் பன்னிரண்டு வருடத்திலிருந்து வந்தவைதான்.

பீர் எப்படித் தயாராகிறது? கெமிக்கலா?

கெமிக்கல் இல்லை. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கூழ் காய்ச்சுவோமே, அதில் ஒரு இனிப்பு வரும். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. பீருக்கும் அதே வேலைதான், தானியம் மட்டும் பார்லி. முளைகட்டிக் காயவைத்த பார்லிக்கு மால்ட் என்று பெயர். 300 லிட்டருக்கு நான் 65 கிலோ அளவுக்குப் போடுகிறேன்.

மால்ட்டை உடைத்து, 65 முதல் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புச் சாறை வடித்து எடுக்க வேண்டும். அதைக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சட்டென்று 20 டிகிரிக்குக் குளிர வைத்து, ஈஸ்ட் சேர்ப்போம். ஒரு வாரம் புளிக்கும். பிறகு ஒன்றிரண்டு வாரம் உறைநிலைக்குப் பக்கத்தில் ஓய்வு. எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு வாரம். குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் வகை என்றால் இன்னும் நாள் பிடிக்கும்.

அப்படியென்றால் தினமும் காய்ச்சிக்கொண்டே இருப்பீர்களா?

இல்லை. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் காய்ச்சுவேன். மற்ற எல்லா நாளும் கழுவுவேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, அதுதான் தொழில்.

கொதித்து முடிந்த நொடியிலிருந்து அந்தச் சாறு தொடுகிற ஒவ்வொரு குழாயும், வால்வும், ரப்பர் வளையமும் கிருமி இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் சூடான காஸ்டிக் கரைசலை டேங்குக்குள் சுற்றவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, பிறகு பெராசெட்டிக் அமிலம் போட வேண்டும். ஒரு லிட்டர் பீருக்கு எனக்கு ஐந்து லிட்டர் தண்ணீருக்கு மேல் போகிறது. பெரும்பாலும் கழுவத்தான்.

முதல் வருடக் கோடையில் ஒரு நாள் அவசரத்தில் மாதிரி எடுக்கும் வால்வைக் கழற்றாமல் மேலாகக் கழுவிவிட்டேன். விரல் நுனி அளவு வால்வு. பத்தாம் நாள் டேங்கைத் திறந்தால் பழைய மோர் வாடை. 600 லிட்டர், இரண்டு தடவை காய்ச்சிய உழைப்பு. இதில் இன்னொன்று: ஜப்பானில் வீணான பீரை நினைத்தபோது சாக்கடையில் ஊற்ற முடியாது. எத்தனை லிட்டர், என்ன காரணம் என்று வரி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, கணக்கில் ஏற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கும் முறை உண்டு. பீர் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும் என்பதால் மொத்தமாகக் கொட்டக் கூடாது. காஸ்டிக் தண்ணீரையும் அமிலம் சேர்த்துச் சமன் செய்த பிறகே விட வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தை ஆலைக் கழிவு என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். மீன் பிடிக்கும் ஊரின் தண்ணீரில் என் கழிவு கலக்கக் கூடாது என்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அப்புறம் ஒன்று, வேலை கற்றுக்கொள்ளப் போகும் எல்லோரிடமும் சொல்வேன். பீர் புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். அது கனமான வாயு, டேங்குக்குள்ளேயே தங்கும், வாடையே தெரியாது. காலி டேங்குதானே என்று தலையை உள்ளே விட்டால் மயக்கம், பிறகு மரணம். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய பிள்ளைகளை இழந்திருக்கிறோம். மூடிய இடத்தின் ஆபத்து அங்கும் இங்கும் ஒன்றுதான். காற்றை அளக்காமல், வெளியே ஆள் நிற்காமல் உள்ளே இறங்கவே கூடாது.

ஏன் ஜப்பான்? இங்கேயே செய்யக் கூடாதா?

2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. சொந்தமாகக் காய்ச்சி, சொந்தக் கடையில் ஊற்றி விற்பதில்தான் சின்ன ஆலையின் உயிரே இருக்கிறது. பெங்களூருவில் அந்த வழி திறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் ஜப்பானைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்தேன், மொழி தெரியும், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கியிருந்தேன். பீர் தொடங்குவதற்காகப் புதிதாக ஒரு நாட்டுக்குப் போவது வேறு கதை. அதை நான் செய்ததில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் அங்கே செய்து காட்டியிருக்கிறார்கள். நுமாசு என்ற துறைமுக ஊரில் பிரையன் பேர்ட் என்ற அமெரிக்கரும் அவர் மனைவி சயூரியும் 2000இல் பேர்ட் ஆலையைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு வெறும் 30 லிட்டர்தான். கியோட்டோவில் மூன்று வெளிநாட்டு நண்பர்கள் 2015இல் கியோட்டோ புரூவிங்கைத் தொடங்கினார்கள். மூன்று பேருமே அதற்கு முன் பல வருடம் ஜப்பானில் வாழ்ந்தவர்கள். அதைக் கவனியுங்கள்.

லைசென்ஸ் கலால் துறையிடமா வாங்க வேண்டும்?

அங்கே அது வரித்துறையின் வேலை. உள்ளூர் வரி அலுவலகத்தை ஜெய்முஷோ என்பார்கள். மதுவரிச் சட்டம் என்று ஒன்று உண்டு, அதன் கீழ்தான் தயாரிப்பு அனுமதி. சுகாதார அலுவலகத்தின் அனுமதி தனி, தீயணைப்புத் துறையின் விதிகள் தனி, அந்தத் தெருவில் தொழிற்கூடம் நடத்தலாமா என்ற நகரத் திட்ட விதியும் தனி.

முக்கியமான எண்கள் இரண்டு. பீர் அனுமதி வேண்டுமென்றால் வருடத்துக்குக் குறைந்தது 60 கிலோலிட்டர், அதாவது 60,000 லிட்டர் தயாரிக்க வேண்டும். 1994 வரை இது 20 லட்சம் லிட்டராக இருந்தது. அதனால் பெரிய கம்பெனிகள் தவிர யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. 1994இல் 60,000 ஆக்கியதும் ஊர் ஊராகச் சின்ன ஆலைகள் முளைத்தன. இரண்டாவது எண், ஹப்போஷு என்ற, பீர் போன்ற மால்ட் பானத்துக்கு வருடத்துக்கு 6,000 லிட்டர் போதும்.

என் 300 லிட்டர் கொப்பரையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 6,000 லிட்டருக்கு வருடத்தில் 20 தடவை காய்ச்சினால் போதும். 60,000 லிட்டருக்கு 200 தடவை. மூன்று பேரால் 200 தடவை காய்ச்ச முடிந்தாலும் அவ்வளவையும் விற்க முடியாது. விற்காத பீர் கெட்டுப்போகும். அதனால் நான் எடுத்தது ஹப்போஷு அனுமதி. தொடர்ந்து மூன்று வருடம் குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் அனுமதியையே ரத்து செய்யலாம். ஆசையில் பெரிய அனுமதி எடுத்தவர்களுக்கு அது கழுத்தில் கட்டிய கல்.

விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு சொல்ல நான்கு மாதம் என்று வைத்திருக்கிறார்கள். திருத்தம் கேட்டால் இன்னும் நீளும். விண்ணப்பிக்கும்போதே இடம், இயந்திரம், பணம், வாங்கப்போகும் கடைகள் எல்லாவற்றுக்கும் காகிதம் காட்ட வேண்டும். எனக்கு முதல் காகிதத்திலிருந்து அனுமதி வரை பதினோரு மாதம் ஆனது. ஒரு சொட்டு கூட விற்காமல் பதினோரு மாத வாடகை! இதைத்தான் பலர் பட்ஜெட்டில் எழுத மறக்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் பதிவு வரி 1,50,000 யென். மற்ற செலவுகளோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

ஹப்போஷு என்றால் மட்டமான பீரா?

பெரிய கம்பெனிகள் மால்ட்டைக் குறைத்து, வரியைக் குறைத்து விற்ற மலிவு ரகத்தால் அந்தக் கெட்ட பெயர் வந்தது. எங்களைப் போன்ற சின்ன ஆலைக்கு அர்த்தமே வேறு. பீர் என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் பொருள்களைத் தாண்டி எதையாவது சேர்த்தால், மால்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஹப்போஷுதான்.

2018 ஏப்ரலில் அந்தப் பட்டியலை விரிவாக்கினார்கள். பழம், கொத்தமல்லி விதை, மசாலாப் பொருள், தேயிலை, காப்பி, உப்பு, கடற்பாசி, சிப்பி ஆகியவற்றோடு, நம் மாசிக் கருவாட்டுக்கு உறவான கட்சுவோபுஷி வரை சேர்க்கலாம். ஆனால் மால்ட்டின் எடையில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஹப்போஷு. தானியத்தில் கோதுமை, அரிசி, மக்காச்சோளம், சோளம் எல்லாம் பட்டியலில் உண்டு, கேழ்வரகு கிடையாது.

எனக்குக் கேழ்வரகுதான் வேண்டியிருந்தது. ஆடி மாதம் நம் தெரு அம்மன் கோயிலில் ஊற்றும் கூழின் அந்த லேசான புளிப்பு, மண் வாசம், அதைப் பீரில் கொண்டுவர இரண்டு வருடம் முயன்றேன். வறுத்த கேழ்வரகு நான்கில் ஒரு பங்கு, நசுக்கிய கொத்தமல்லி விதை கொஞ்சம், கடைசியில் துளி உப்பு. எங்கள் கடையில் அதிகம் போவது அதுதான். நுரை மட்டும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அதற்காகக் கொஞ்சம் கோதுமை சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரி எவ்வளவு?

2023 அக்டோபர் முதல் பீருக்கு லிட்டருக்கு 181 யென். 2026 அக்டோபரில் இது 155 ஆக இறங்கி, பீரும் ஹப்போஷுவும் ஒரே அளவாகிறது. மால்ட் பாதிக்கு மேல் இருக்கும் ஹப்போஷுவுக்கு அதற்கு முன்பும் பீர் வரிதான், அதனால் எனக்குச் சலுகை எதுவும் இருந்ததில்லை. 20 லிட்டர் கெக் (உலோகப் பீப்பாய்) ஒன்றுக்கு 3,620 யென் என்று கணக்கு. சின்ன ஆலைகளுக்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. விற்கும்போது 10 சதவீத நுகர்வு வரி தனி.

பீர், ஆலையின் வாசலைத் தாண்டும்போது வரி விழுகிறது. இந்த மாதம் வெளியே போனதை அடுத்த மாத இறுதிக்குள் கணக்குக் காட்டி, அதற்கும் அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். மதுக்கடைக்காரர் உங்களுக்குப் பணம் தந்தாரா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மால்ட் வந்த கிலோ, போட்ட கிலோ, காய்ச்சிய லிட்டர், குழாயில் தங்கிய லிட்டர், எல்லாம் புத்தகத்தில் ஏற வேண்டும். கணக்கு எழுதப் பிடிக்காதவருக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

விசா?

தொழில் தொடங்குபவருக்கு "நிர்வாகம், மேலாண்மை" என்று ஒரு விசா உண்டு. 2025 அக்டோபர் 16க்கு முன் 50 லட்சம் யென் முதலீடு காட்டினால் போதும். அன்று முதல் அது 3 கோடி யென். நம் காசில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி ரூபாய். கூடவே ஜப்பானியரையோ நிரந்தரமாக அங்கே வாழ்பவரையோ ஒருவரை முழுநேர வேலைக்கு வைக்க வேண்டும். உங்களுக்கு மூன்று வருட நிர்வாக அனுபவமோ முதுகலைப் பட்டமோ வேண்டும். உங்களுக்கோ அந்த ஊழியருக்கோ நல்ல ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். திட்ட அறிக்கையைத் தகுதி பெற்ற நிபுணர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"50 லட்சம் யென் போதும்" என்று சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம்.

முதலில் ஒரு பீர் ஆலையில் வேலைக்குப் போய்ப் பழகலாமா?

நல்ல யோசனை, ஆனால் ஒரு தடை இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் முயலும் "குறிப்பிட்ட திறன்" விசா 2019 ஏப்ரலில் வந்தது. அதில் உணவு, பானம் தயாரிப்பு என்று ஒரு துறை உண்டு. அந்தத் துறையில் மதுவை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். ரொட்டி ஆலைக்குப் போகலாம், மீன் பதப்படுத்தப் போகலாம், பீர் ஆலைக்குப் போக முடியாது.

இது தெரியாமல் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன் ஏஜென்ட் ஒருவரிடம் நான்கு லட்சம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். பீர் கம்பெனி வேலை, திறன் விசா என்று அச்சடித்த தாள் கையில். அப்படி ஒரு வேலையே அந்த விசாவில் இல்லை என்று நான் சொன்னபோது அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. பணம் கொடுக்கும் முன் என்னைக் கேளுங்கள். நான் இல்லையென்றால் ஜப்பானிலிருக்கும் எந்தத் தமிழரையாவது கேளுங்கள்.

பட்டப்படிப்பு இருந்தால் இன்ஜினியர் விசாவில் வேறு வேலைக்குப் போய், மொழி பழகி, விடுமுறை நாளில் ஆலைகளைப் போய்ப் பார்க்கலாம். நான் போனது அந்த வழி. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்ய அனுமதி வாங்கலாம். முறையாகப் படிக்க ஜெர்மனி நல்ல இடம். பெர்லினில் விஎல்பி, மியூனிக் பக்கம் டோமன்ஸ், இரண்டும் இதற்கென்றே இருக்கும் பள்ளிகள். செலவில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பெங்களூரு ஆலை ஒன்றில் ஆறு மாதம் டேங்க் கழுவுங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் மேலே பேசலாம்.

வெல்டிங், ஏசி மெக்கானிக் வேலை தெரியும். அது உதவுமா?

ரொம்பவே உதவும். என் தொழிலில் எனக்குச் சோறு போட்டது அதுதான்.

எங்கள் அப்பா காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தார். அம்மோனியா கம்ப்ரசர், அது குளிரவைக்கும் உப்புக்கரைசல் தொட்டி, அதற்குள் வரிசையாகத் தகர டப்பாக்களில் தண்ணீர். பள்ளி விட்டு வந்து அந்தத் தொட்டியின் பலகை மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பீர் ஆலையில் உப்புக்கரைசலுக்குப் பதில் கிளைக்கால் என்ற உறையாத திரவம். டேங்கைச் சுற்றிய உறைக்குள் மைனஸ் நான்கு டிகிரி கிளைக்கால் ஓடுகிறது. கம்ப்ரசர் சத்தம் மாறினால் தூக்கத்திலும் எனக்கு விழிப்பு வந்துவிடும், அது அப்பா காதில் ஏற்றிவிட்ட பாடம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை உள்பக்கம் வழவழப்பாக டிக் வெல்டிங் செய்யத் தெரிந்த ஆளுக்கு உலகத்தின் எந்த ஆலையிலும் மரியாதை உண்டு. வெல்டில் ஒரு மேடு இருந்தால் அங்கே அழுக்கு தங்கும், கிருமி குடியேறும். பெரம்பூர் ஐசிஎஃப் பக்கம் இப்படி வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆலை முதலாளியாகாமலே, ஆலைகளுக்கு டேங்கும் குழாயும் செய்து கொடுத்துப் பிழைக்கலாம். நேர்மையாகச் சொன்னால், என்னைக் கேட்டு வரும் தம்பிகளில் பாதிப் பேருக்கு அதுவே நல்ல தொழில் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எவ்வளவு செலவானது?

கட்டடம் பழுது பார்த்தது, கொப்பரை, நான்கு டேங்க், குளிர் அறை, முதல் வருட வாடகை எல்லாம் சேர்த்து 2 கோடியே 80 லட்சம் யென். அன்றைய மதிப்பில் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் சுமார். பாதி என் பன்னிரண்டு வருடச் சேமிப்பு, பாதி ஜப்பான் அரசின் கடன் நிறுவனமான ஜப்பான் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனில் வாங்கியது. பழைய பால் டேங்குகளை வாங்கி நானே மாற்றி அமைத்ததால் கொஞ்சம் மிச்சம்.

வீட்டை விற்றுப் போடலாமா?

கூடாது.

லாபம் வருகிறதா?

இப்போது வருகிறது. முதல் இரண்டு வருடம் வரவில்லை. திறந்து ஒரு வருடம் ஆகும் முன்பே கொரோனா, கடைக்கு ஆள் வரவில்லை, கையால் பாட்டிலில் நிரப்பி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வருடத்துக்கு 22,000 லிட்டர் அளவுக்கு விற்கிறோம். 20 லிட்டர் கெக்கை வேறு கடைக்குக் கொடுத்தால் 16,000 யென். அதே கெக்கை என் கடையில் கிளாஸில் ஊற்றினால் 36,000 வரும். அந்தப் பன்னிரண்டு நாற்காலிதான் எங்களைக் காப்பாற்றுகிறது. மொத்த விற்பனையை மட்டும் நம்பிச் சின்ன ஆலை தொடங்குபவர்களுக்கு என் எச்சரிக்கை இது. நல்ல விஷயமும் உண்டு: தயாரிக்கும் இடத்திலேயே சொந்தச் சரக்கை விற்கத் தனி விற்பனை லைசென்ஸ் தேவையில்லை. வேறு இடத்தில் கடை போட்டால்தான் தேவை.

மால்ட் ஜெர்மனியிலிருந்தும் ஹாப்ஸ் அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கிலிருந்தும் வருகிறது. 2021இல் ஒரு டாலருக்கு 110 யென் அளவில் இருந்தது. 2024 ஜூலையில் 160ஐத் தாண்டியது. அந்த வருடம் என் லாபம் முழுக்க மால்ட், ஹாப்ஸ் மூட்டை வாங்கவே போனது.

இங்கிருந்து பணம் அனுப்ப முடியுமா?

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வரியாகப் பிடித்து வைப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவதற்கு 2022இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. வங்கி மூலம் படிவம் கொடுத்துப் பதிவு எண் வாங்காமல் அனுப்ப வேண்டாம். நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பிடியுங்கள். உண்டியல், தெரிந்தவர் மூலம் என்றெல்லாம் யோசிக்கவே வேண்டாம். பணம் எங்கிருந்து வந்தது என்று ஜப்பான் வரி அலுவலகம் ஒவ்வொரு வரியாகக் கேட்கும்.

ஊர்க்காரர்கள் வெளியாளை ஏற்றுக்கொண்டார்களா?

உடனே இல்லை. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் தூரம் இருந்தது. தெருமுனையில் மூன்று தலைமுறையாக மதுக்கடை நடத்தும் பெரியவர் எட்டு மாதம் என் பீரைத் தொடவில்லை. "நீ இரண்டு வருடத்தில் போய்விடுவாய், உன் பாட்டிலை நம்பி நான் அலமாரியில் இடம் ஒதுக்க முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம். அப்படி வந்து போனவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

தெருச் சங்கம் என்று ஒன்று உண்டு, சோனாய்கை என்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு காலை எல்லோரும் வாய்க்கால் சுத்தம் செய்வார்கள். ஒன்று விடாமல் போனேன். திருவிழாவில் சாமி பல்லக்கைத் தோளில் தூக்குவார்கள், திருவொற்றியூர்த் தேர் வடம் பிடித்த தோள் இது, அங்கேயும் கொடுத்தேன்.

ஆனால் விஷயம் மாறியது வேறொரு இரவில். ஆகஸ்ட் மாதம், மீன் சந்தையின் ஐஸ் இயந்திரம் நின்றுவிட்டது. சர்வீஸ் ஆள் காலையில்தான் வருவார். படகுகள் விடியும் முன் கரை சேரும். ஐஸ் இல்லாமல் படகு வந்தால் என்ன ஆகும் என்று காசிமேட்டில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டுமா? கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்டென்சர் விசிறி மோட்டார் போயிருந்தது. என் டேங்குகளைக் குளிரவைக்கும் சில்லரில் இருந்த மோட்டாரைக் கழற்றிப் போட்டு ஓட்டினோம். அன்றைக்கு என் டேங்க் இரண்டின் சூடு ஏறியது, ஒரு தடவை காய்ச்சிய பீரின் ருசியும் மாறியது. அடுத்த வாரம் மதுக்கடைப் பெரியவர் தானே வந்து ஒரு பெட்டி எடுத்துப் போனார். ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

கள்ளச்சாராயம் போல இதுவும் விஷமாகிவிடுமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலையில் பயன்படும் ரசாயனம், சாராயத்தில் கலந்து விற்றார்கள். பார்லி புளிக்கும்போது அந்த அளவு மெத்தனால் உருவாகாது. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும். பாட்டிலில் அடைத்த பிறகும் புளித்துக்கொண்டிருந்தால் பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

வீட்டில் கொஞ்சமாகச் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஜப்பானிலும் அனுமதி இல்லாமல் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள எதையும் தயாரித்தால் பத்து வருடம் வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். பழக வேண்டுமென்றால் பார்லித் தண்ணீரைச் சரியான சூட்டில் இனிப்பாக்கும் கட்டம் வரை செய்து பாருங்கள், ஈஸ்ட் போடாமல். சூட்டைப் பிடித்து நிறுத்தும் கை அதில் வந்துவிடும்.

பீருக்கு அம்மன் பெயர், சாமி படம் வைக்கலாமா? ஜப்பானியர்களுக்குப் பிடிக்குமே.

நான் வைக்க மாட்டேன். கூழ் பீர் வந்தபோது லேபிள் வரைந்தவர் வேப்பிலையும் அம்மன் முகமும் போட்டுக் காட்டினார், அழகாகத்தான் இருந்தது. மாற்றச் சொன்னேன். அம்மனுக்குப் படைக்கிற கூழின் நினைவு எனக்கு ருசியாக இருந்தால் போதும். கேழ்வரகுக் கதிர் ஒன்று மட்டும் இருக்கிறது.

குடி நம் ஏரியாவில் எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது! நீங்களே இதைச் செய்யலாமா?

இதைக் கேட்டவர் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா. கணவரைக் குடிக்குக் கொடுத்தவர். அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை, செய்வதை மட்டும் சொல்கிறேன்.

என் கடையில் பெரிய கிளாஸ் கிடையாது. சாப்பாடு இல்லாமல் ஊற்றுவதில்லை. என் மனைவி செய்யும் நெத்திலி வறுவலும் சுண்டலும் முதலில் மேசைக்குப் போகும். ஒருவர் பேச்சு குழறினால் அடுத்த கிளாஸ் தண்ணீர்தான், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். வண்டி ஓட்டி வருபவருக்கு நன்னாரி சர்பத். ஜப்பானில் 2007க்குப் பிறகு, ஓட்டுநர் என்று தெரிந்தே மது ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. 20 வயது ஆகாதவருக்குக் கிடையாது. விலையைக் குறைத்து "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" செய்ய மாட்டேன்.

இவ்வளவு செய்தும் இது மதுதான். என் அம்மா ஒரு தடவைகூட ஆலைக்குள் வந்ததில்லை. பக்கத்து வீட்டில் "பையன் ஃபேக்டரி வைத்திருக்கிறான்" என்று மட்டும் சொல்வார். அவர் மனதை மாற்ற நான் முயன்றதில்லை, அவருக்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில்கூட எடுத்து வருவதில்லை. உங்கள் குடும்பத்தில் குடி ஒரு நோயாக இருந்திருந்தால், அல்லது உங்களுக்கே ஒன்றோடு நிறுத்த முடியாதென்றால், தயவு செய்து இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். காலை ஒன்பது மணிக்கே ருசி பார்க்க வேண்டிய வேலை இது. நான் வாயில் வைத்துத் துப்பிவிடுவேன்.

உங்களிடம் வேலை கிடைக்குமா?

இப்போது ஓர் ஊழியர்தான், உள்ளூர்ப் பெண். இரண்டாவது ஆள் எடுக்கும் அளவுக்கு விற்பனை வந்தால் குளிர்பதனம் தெரிந்தவரைத்தான் எடுப்பேன். டிகிரியும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 என்ற நடுநிலைத் தேர்ச்சியும் இருந்தால் விசாவுக்கு முயலலாம். பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊரில் இருப்பேன். மாலை ஐந்து மணிக்கு மேல் மீன்பிடித் துறைமுகம் பக்கத்து டீக்கடையில் பார்க்கலாம். வரும்போது நீங்கள் வெல்டு வைத்த குழாய்த் துண்டு ஒன்று கையில் கொண்டு வாருங்கள், உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.